காப்பிக்கு முன் ஜெபம்

அயோவாவில், சோளக்கொல்லையைப் பார்த்த ஒரு சமையலறை. ஆப்பிள் கேக்கின்மேல் பிற்பகல் வெயில் விழுந்திருக்கிறது. காப்பியில் ஆவி பறக்கிறது. கல்லூரிக்கு நன்கொடை திரட்டும் கெரிட், அந்தக் கல்லூரியின் பழைய மாணவி வில்மினா அம்மாளின் எதிரே கண்ணை இறுக மூடி, தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறார். இந்த ஊரின் பக்தியுள்ள வீடுகளில் ஜெபத்துக்குக் குறுக்கே யாரும் வாய் திறப்பதில்லை. அது அந்த அம்மாளுக்கு நன்றாகத் தெரியும். அவர்தான் ஜெபிக்கிறார். “ஆண்டவரே, இந்தக் காப்பிக்காக ஸ்தோத்திரம். தம்பி கெரிட் எதுக்கு வந்திருக்காருன்னு உமக்குத் தெரியாததா? காலேஜ் சிற்றாலயத்துக்குப் புது ஆர்கன் வாத்தியம் வேணுமாம். போன தடவை நூலகம்னாங்க, குடுத்தேன். அதோட கூரை ஒழுகுதுன்னு என் பேத்தி சொல்றா.” ஒழுகலைப் போன மாதமே அடைத்தாயிற்று. கெரிட்டின் நாக்கு நுனியில் அந்தப் பதில் தவிக்கிறது. காப்பி ஆறிக்கொண்டிருக்கிறது. “அவர் கொண்டுவந்த தாள்ல அம்பதாயிரம் டாலர்னு எழுதியிருக்கும் ஆண்டவரே. அதை என்கிட்ட நீட்டுறதுக்குள்ள அவருக்கு நல்ல புத்தியைக் குடும்.” கெரிட்டின் கை, பக்கத்து நாற்காலியில் இருக்கும் தோல்பையை நோக்கி மெல்ல நகர்கிறது. கண் திறக்காமலே அந்தத் தாளை அடியில் செருகிவிட்டு, இருபத்தைந்தாயிரம் என்று எழுதிய இன்னொன்றைத் துழாவி மேலே வைக்கிறது. “என் ஜெபத்தைக் கேட்டுட்டீர் ஆண்டவரே, ஸ்தோத்திரம்.” கெரிட் திடுக்கிட்டுக் கண் திறக்கிறார். வில்மினா அம்மாளின் நீலக் கண்கள் அகலத் திறந்து தோல்பையையே பார்த்துக்கொண்டிருக்கின்றன. “நான் இன்னும் ஆமென் சொல்லல தம்பி,” என்கிறார் அவர். “கண்ணை மூடுங்க.”