இருந்தும் பயன்படுத்தவா?

கறுப்புத் திரையில் மறுபடியும் அதே வரி.

சாவி காலாவதி. அஞ்சலைப் பூட்ட முடியவில்லை.

கட்டளையைத் திரும்ப அடித்தான். திரும்ப அதே வரி.

இரவல் மடிக்கணினி. படமோ பொத்தானோ வராது. எழுத்து மட்டும்தான். தமிழில் அடித்தால் கட்டம் கட்டமாக விழும். அதனால் ஆங்கில எழுத்தில் தமிழை அடித்து வைத்திருந்தான். ஓர் ஊரின் பெயர், ஒரு வீட்டின் அடையாளம். அவ்வளவுதான்.

துவாரகன் ஒளிந்திருக்கும் வீடு.

துவாரகன் சித்தியின் மகன். அவன் எங்கே என்பது குடும்பத்தில் இவன் ஒருவனுக்குத்தான் தெரியும். தேடுகிறவர்களின் கைக்கு எட்டாத நாட்டில் இருப்பவன் இவன்தானே.

காலையில் ஊரிலிருந்து அக்கா எழுதியிருந்தாள். துவாரகனுக்கு மருந்து கொடுத்தனுப்ப வேண்டுமாம். இடம் கேட்டிருந்தாள். கூடவே அவளுடைய புதிய சாவி; அதைக்கொண்டு பூட்டும் அஞ்சலை அவளால் மட்டுமே திறக்க முடியும்.

அதை ஏற்றினான். வரி மாறியது.

இந்தச் சாவி இவருடையதுதான் என்பதற்கு உறுதி இல்லை. இருந்தும் பயன்படுத்தவா?

ஆம். இல்லை.

பதிலுக்கான இடத்தில் சிறு கோடு துடித்துக்கொண்டிருந்தது.

இதற்கென்று அவர்களிடம் ஒரு முறை இருந்தது. தொலைபேசியில் ஊரும் பேரும் பேசுவதில்லை. சாவிக்கு அடையாளமான, எழுத்தும் இலக்கமும் கலந்த சில வரிகள்தான் அதன் கைரேகை. அதை மட்டும் இவன் தன் திரையைப் பார்த்து வாசிப்பான். அவள் தன் திரையோடு ஒப்பிடுவாள். இரைச்சலில் எழுத்துகள் குழம்பாமலிருக்க அவளே பெயர் வைத்திருந்தாள். ஏ என்றால் ஏணி. பி பிட்டு. சி சீனி. டி டீத்தண்ணி.

அழைத்தான். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"ஏழு, பிட்டு, பிட்டு, மூண்டு."

"ஓம்."

"சீனி, ஒண்டு, ஏணி, ஒன்பது."

"ஓம்."

விரலைத் திரையில் வைத்து வாசித்துக்கொண்டே போனான். கீழே உணவகத்தில் யாரோ பானையை உருட்டினார்கள். நிமிர்ந்து, மறுபடி குனிந்து, விட்ட இடத்தைப் பிடித்து, கடைசிவரை வாசித்தான்.

"ஓம். சரி."

அப்போதுதான் விரல் இருந்த இடத்தைப் பார்த்தான்.

நடுவில் ஒரு வரியை முழுதாக விட்டிருந்தான்.

போன தடவை ஓர் இலக்கம் பிசகியதற்கே கத்தியிருந்தாள். "கண்ணைக் கழட்டி எங்கயடா வச்சனீ? மொக்கு. முதல்ல இருந்து வாசி."

காத்திருந்தான்.

"எல்லாம் சரியோ அக்கா?"

"ஓம் தம்பி. எல்லாம் சரி. அனுப்புங்கோ."

தம்பி என்று அவள் கூப்பிட்டு அவன் கேட்டதில்லை.

பயம் வரும் என்று இருந்தான். வரவில்லை. பல்லுக்கு ஊசி போட்ட பிறகு கன்னம் கிடப்பதுபோல் உடம்பு முழுக்கக் கிடந்தது.

அடித்து வைத்திருந்ததை அழித்தான். ஊரின் பெயர் கடைசி எழுத்திலிருந்து முதல் எழுத்துவரை ஒவ்வொன்றாகப் போனது.

"என்ன தம்பி, வரேல்ல?"

"கணினி கொஞ்சம் கரைச்சல் தருது. பொறுங்கோ."

புதிதாக அடித்தான்.

அவன் எங்க எண்டு எனக்கும் தெரியாது அக்கா. கதைச்சுக் கனநாள்.

இருந்தும் பயன்படுத்தவா?

ஆம்.

இந்த முறை பூட்டிக்கொண்டது. அனுப்பினான்.

தொலைபேசியை அவள் வைக்கவில்லை. அவனும் வைக்கவில்லை. அந்தப் பக்கம் அவள் கடவுச்சொல்லை அடிப்பது கேட்டது. 

பிறகு வாசித்தாள்.

பூட்டி அனுப்பியதை அவள் ஒருநாளும் வாய்விட்டு வாசித்ததில்லை. இப்போது சத்தமாக, ஒவ்வொரு சொல்லாக, நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். முடித்துவிட்டு, இரண்டாம் முறை, இன்னும் மெதுவாக.

வீட்டில் தனியத்தான் இருக்கிறேன் என்று காலையில் எழுதியவள்.