குறுக்குச் சந்து

பள்ளத்தின் அடியில், முள்செடிக்குள் கிடந்தது அந்தத் தண்ணீர் பாட்டில். மூடி இல்லை. உள்ளே ஒரு சொட்டுக்கூட இல்லை.

"அவரோடதுதான்," என்றார் டீச்சர். பாட்டிலின் கழுத்தில் சிவப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தது. அவருடைய கணவர் எலக்ட்ரீஷியன். தன் பொருள் எதுவானாலும் அதில் டேப் சுற்றி அடையாளம் வைப்பார்.

பேங்க்காரர் நிமிர்ந்து பார்த்தார். செங்குத்தாக மொட்டைப் பாறை, அதற்கு மேலே வெறும் வானம். பார்த்தவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அவர் விழுந்திருக்க மாட்டாரு," என்று டீச்சர் கத்தினார். "விழுந்திருந்தா சைக்கிளும்ல கிடக்கும்? எங்க சைக்கிள்? சொல்லுங்க!"

எல்லோர் மனதிலும் ஒன்றுதான் ஓடியது. அதை டீச்சர் முன்னால் சொல்லத்தான் யாருக்கும் வாய் வரவில்லை.

காலையில் இந்தப் பாலை மலைகளுக்குள் சைக்கிளில் புகுந்தபோது எல்லோரும் சிரித்துக்கொண்டுதான் வந்தார்கள். வழிகாட்டி டீச்சர். பாதை பிரிகிற இடத்தில், தனக்கு அடுத்து வருகிறவரை நிறுத்திவிட்டு அவர் போய்க்கொண்டே இருப்பார். நின்றவர் பின்னால் வருகிறவர்களுக்குக் கை காட்ட வேண்டும். கடைசி ஆளுக்கு 'வால்' என்று பெயர்; வால் வரும்வரை அந்த இடத்தைவிட்டு அசையக் கூடாது, வந்ததும் அவரோடு சேர்ந்து கிளம்பலாம். ஆக, வால் வந்து சேர்ந்தால் எல்லோரும் வந்தாயிற்று என்று கணக்கு.

இன்றைக்கு வால் மருந்துக்கடைக்காரர். அடிவாரத்தில் அவர் முகத்தைப் பார்த்ததும் சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு இரண்டு வேன்களும் கிளம்பிவிட்டன. நெடுஞ்சாலையில் பெட்ரோல் போட நிறுத்தியபோதுதான், கணவர் இரண்டு வேனிலும் இல்லை என்று தெரிந்தது. காலையில் போட்ட சண்டையால் அடுத்த வேனில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வருகிறார் என்றே டீச்சர் நினைத்திருந்தார். உடனே அவரும் பேங்க்காரரும் மருந்துக்கடைக்காரரும் ஒரு வேனைத் திருப்பிக்கொண்டு தேட வந்தார்கள்.

"எல்லாம் என்னாலதான் டீச்சர்," என்று மருந்துக்கடைக்காரர் கண்ணைத் துடைத்தார். "பாதி வழியிலயே என் டயர் கிழியாம இருந்தா, கடைசியா வந்து பார்த்திருப்பேன். வெயிலுக்குப் பயந்து வேன்ல ஏறி, உங்களுக்கெல்லாம் முன்னாடி வந்து உக்காந்துட்டேன்."

"நான் தாண்டிப் போறப்ப, அண்ணன் மேல பாதை பிரியற இடத்துல நின்னு கை காட்டிட்டு இருந்தாரு," என்றார் பேங்க்காரர். "ஒருவேளை இன்னும் அங்கயே..."

"அவரா? நல்லா நிப்பாரே!" டீச்சருக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது. "சிக்னல்ல சிவப்பு விழுந்தாலே சந்துக்குள்ள பூந்து போற மனுஷன். நீங்க எல்லாரும் சும்மாவா 'குறுக்குச் சந்து'ன்னு பேர் வச்சீங்க? வெயில் ஏறினதும் எங்கயாவது குறுக்கால இறங்கியிருப்பாரு. எனக்குத் தெரியாதா அவரை?"

அதனால்தான் குறுக்கு வழியாகத் தெரிந்த எல்லாவற்றிலும் தேடினார்கள். வறண்ட ஆற்றுப்படுகை, ஆட்டுத் தடம், மணல் சரிவு, எதையும் விடவில்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டு டீச்சருக்குத் தொண்டை கட்டிவிட்டது. மலைதான் திருப்பிக் கூப்பிட்டது.

தண்ணீர் இல்லாமல் இந்த வெயிலில் ஒரு ஆள் எவ்வளவு நேரம் தாங்குவார் என்று மருந்துக்கடைக்காரருக்குத் தெரியும். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

"நான் பாவி," என்று டீச்சர் பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "கிளம்புறப்ப எல்லார் முன்னாடியும் அவரை அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. கல்யாணம் ஆன நாள்லேருந்து ஒரு தடவையாவது நான் சொன்னதைக் கேட்டிருக்கீங்களான்னு... வாயைத் திறக்காம தண்ணி பிடிச்சுட்டு இருந்தாரு."

சட்டென்று எழுந்தார். "பாட்டில் மேலேருந்துதான் உருண்டு வந்திருக்கு. நான் ஏறிப் பாக்கறேன்."

"வேண்டாம் டீச்சர், பாறை செங்குத்தா இருக்கு!"

அது டீச்சர் காதில் விழவில்லை. பக்கத்துச் சரிவில் கையும் காலுமாக ஏறினார். முழங்கை கிழிந்தது. அவர் உயிரோடு மட்டும் இருக்கட்டும், இனி ஜென்மத்துக்கும் ஒரு வார்த்தை கடிந்து பேச மாட்டேன் என்று வேண்டிக்கொண்டே ஏறினார். பின்னால் மற்ற இருவரும் மூச்சிரைக்க வந்தார்கள்.

உச்சியில் பாதை இரண்டாகப் பிரிந்தது. பிரிகிற இடத்தில், ஒதுங்கக் கையளவு நிழல்கூட இல்லாத வெளியில், சைக்கிளைப் பிடித்தபடி ஓர் உருவம் தள்ளாடிக்கொண்டு நின்றது. உதடுகள் வெடித்திருந்தன. வலது கை மட்டும் அப்போதும் பாதையைக் காட்டியபடி பாதி நீண்டிருந்தது.

டீச்சர் ஓடிப்போய் அவரைத் தாங்கி உட்கார வைத்தார். மருந்துக்கடைக்காரர் சொட்டுச் சொட்டாக வாயில் தண்ணீர் விட்டார். தொண்டைக்குழி ஏறி இறங்கியதைக் கண்ட பிறகுதான் டீச்சருக்கு உயிர் வந்தது. உயிரோடு கோபமும் சேர்ந்தே வந்தது.

"உங்களுக்குப் புத்தி இருக்கா? கீழ இறங்கி வந்தா என்ன? ஊர்ல இல்லாத குறுக்கு வழியெல்லாம் தெரியுமே, ஒண்ணுகூடவா கண்ணுல படலை? எதுக்கு இங்கயே நின்னீங்க?"

அவர் ஏதோ முனகினார். டீச்சர் காதை அவர் உதட்டருகே கொண்டுபோனார்.

"இன்னைக்கு ஒரு நாளாவது... நீ சொன்னதைக் கேப்போம்னுதான்."