பிடித்துத் தைத்த ஜாக்கெட்

கேட்ட பேச்சை மாற்றிச் சொல்லிவிடுவேனோ என்று பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் என் பீரோவுக்குள் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

வயிற்றைச் சின்னதாக்கும் ஆபரேஷன் முடிந்து நான்கு மாதத்தில் நான் நூற்றுப்பன்னிரண்டு கிலோவிலிருந்து தொண்ணூற்றிரண்டுக்கு வந்திருந்தேன். அதில் என் கல்யாணப் பட்டு ஜாக்கெட்டுக்குத் தலைகால் புரியவில்லை.

"தை மாசம் தங்கச்சி மக கல்யாணத்துக்கு என்னைத்தான் போடப் போறா" என்றது.

நான் தினமும் போடும் பருத்தி ஜாக்கெட் சிரித்தது. "உன்னைப் போட்டப்ப அவளுக்குப் பத்தொன்பது வயசு, பட்டக்கா. இப்ப நாற்பத்தெட்டு."

"உனக்குப் பொறாமை. எனக்காக ராத்திரிச் சாப்பாட்டையே விட்டுட்டா, தெரியுமா?"

"தெரியும். காலையில தலை சுத்தி இந்தப் பீரோவைப் பிடிச்சுக்கிட்டு நின்னாளே, அப்ப நான்தான் அவ மேல இருந்தேன். நெஞ்சு படபடன்னு அடிச்சுது."

பட்டு தன் ஜரிகைக் கையை மடித்துக்கொண்டது.

"அவ இளைக்க இளைக்க என்னைப் பிடிச்சுத் தைக்கிறாங்க. ரெண்டு தடவை ஆச்சு" என்றது பருத்தி. "உனக்காக அவளையில்ல பிடிச்சுத் தைக்கணும்?"

"அதுக்குத்தானே ஆபரேஷன் பண்ணாங்க?"

"அது அவ சர்க்கரை குறையட்டும்னு பண்ணது, அக்கா. உனக்காக இல்ல."

இதைக் கேட்ட மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போய், பட்டினி கிடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். ஒன்றரை வருஷத்தில் எண்பது கிலோவுக்கு வந்தால் போதும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அவர் சொன்ன வேளைக்கு, சொன்ன அளவு, அன்றைக்கே சாப்பிட ஆரம்பித்துவிட்டேன்.