உள் அறைச் சாவி

"ஃபேனையாவது வெளிய வை கஸ்தூரி. மே மாசம், புழுங்கிப் பூடுவாங்க" என்றான் கஜபதி.

"மலைக்காரங்க ஊட்ல ஃபேனே கெடையாதுன்னு நீதானே சொன்னே? பழக்கமில்லாத காத்து. பசங்களுக்குச் சளி புடிச்சுக்கினா யார் பதில் சொல்றது?" என்று தவணையில் வாங்கிய டேபிள் ஃபேனைத் தூக்கிக்கொண்டு போய் உள் அறையில் வைத்தாள் கஸ்தூரி.

எல்லாம் கஜபதி செய்த ஏற்பாடு. மிச்சம் பிடிப்பதில் அவனை அடித்துக்கொள்ள ஆவடி ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் ஆள் கிடையாது. பிள்ளைகள் இரண்டும் ஊட்டி, ஊட்டி என்று உயிரை வாங்கின. லாட்ஜுக்கு அழ மனசு வருமா? ஊட்டிக்குப் பக்கத்து அருவங்காட்டு ஃபேக்டரியிலிருந்து இங்கே டிரெயினிங்குக்கு வந்திருந்த கலியமூர்த்தியைப் பிடித்துப் பேசி முடித்துவிட்டான். பத்து நாள் அவன் வீட்டில் இவர்கள், இவர்கள் வீட்டில் அவன் குடும்பம். அவன் வீட்டிலிருந்து ஊட்டிக்கு மலை ரயில், இங்கிருந்து பீச்சுக்கு எலெக்ட்ரிக் டிரெயின். ரெண்டு பேருக்கும் தங்குகிற செலவு மிச்சம்.

கஸ்தூரிக்குத்தான் மனசு ஒப்பவில்லை. முன்பின் பார்க்காத ஒருத்தி தன் அடுப்படியில் புழங்குவதா? எவர்சில்வர் பாத்திரம், இலவம்பஞ்சு மெத்தை, டிரான்சிஸ்டர், ரேஷனில் வரிசையில் நின்று வாங்கிய சர்க்கரை, எல்லாம் உள் அறைக்குப் போயின. வருகிறவர்களுக்கு நாலு அலுமினியத் தட்டு, நசுங்கிய குண்டான், ரெண்டு கோரைப்பாய். போதும், ராஜ உபசாரம்.

வாசலில் ரிக்‌ஷாக்காரர் கத்த ஆரம்பித்துவிட்டார். திண்டுக்கல் பூட்டைப் போட்டுச் சாவியைத் திருகி, மூன்று தடவை இழுத்துப் பார்த்துவிட்டு ஓடினாள். வாசல் சாவியை மட்டும் பக்கத்து வீட்டுத் தாயம்மாளிடம் கொடுத்து, வருகிறவர்களிடம் தரச் சொன்னாள்.

மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் ஏறும்போதுதான் இடுப்பைத் தடவிப் பார்த்தாள். உள் அறைச் சாவி இல்லை. சுருக்குப்பை, டிரங்குப்பெட்டி, புளிசாதத் தூக்கு வரைக்கும் தேடியாகிவிட்டது. சாவி பூட்டிலேயே தொங்குகிறது!

அதற்கப்புறம் ஊட்டியாவது ஒன்றாவது. பிள்ளைகள் ஏரியில் படகைப் பார்த்துக் குதித்தன. இவள் கண்ணுக்கு, மெத்தையில் எவளோ காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, ஃபேனைச் சுழலவிட்டு, சர்க்கரையை அள்ளி அள்ளிக் காபியில் போடுவதுதான் தெரிந்தது.

போதாக்குறைக்கு அந்த அருவங்காட்டு வீடு. மொத்தமே ரெண்டு கம்பளிப் போர்வை, அதிலும் ஒன்று ஒட்டுப்போட்டது. கொஞ்சம் அலுமினியச் சாமான். பூட்டின அறையும் இல்லை, அலமாரியும் இல்லை. ராத்திரியானால் நாலு பேரும் ரெண்டு போர்வைக்குள் சுருண்டார்கள்.

"நல்லதெல்லாம் அக்கம்பக்கத்துல பதுக்கி வச்சிட்டுப் போயிருக்கா. இன்னா கள்ளம் பாரு" என்று பல் கிடுகிடுக்கச் சொன்னாள்.

"நீ செய்யாததையா செஞ்சுட்டா?" என்றான் கஜபதி.

அன்று ராத்திரி போர்வையை முழுக்கத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

பதினோராம் நாள் காலை ஆவடியில் இறங்கியதும் முதல் ஆளாய் வீட்டுக்குள் நுழைந்தாள். கலியமூர்த்தி குடும்பத்துக்கு அன்று ராத்திரிதான் ரயில். சாமான் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவன் பெண்சாதி பஞ்சவர்ணம், இடுப்பில் கைக்குழந்தையோடு சிரித்துக்கொண்டு எதிரே வந்தாள். கஸ்தூரி அவளைப் பார்க்கவில்லை, உள் அறைக் கதவைப் பார்த்தாள்.

பூட்டு போட்டது போட்டபடி இருந்தது. சாவியைக் காணோம்.

போன உயிர் திரும்பி வந்தது. சாவி எங்கேயோ வழியில்தான் விழுந்திருக்கிறது. இவர்கள் கையில் கிடைக்கவில்லை. நல்லவேளை. இனி போர்வைக் கதையைக் கேட்டுவிட வேண்டியதுதான் என்று வாயைத் திறந்தாள். அதற்குள் பஞ்சவர்ணமே கேட்டுவிட்டாள்.

"போர்வை பத்துச்சுங்களா அக்கா? எங்ககிட்ட இருக்கறதே அந்த ரெண்டுதானுங்க. உங்க பசங்களுக்குக் குளுரு பழக்கமிருக்காதேன்னு ரெண்டையும் வெச்சுட்டு வந்துட்டோம்."

"பத்துச்சும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு, பேச்சை மாற்றக் கஸ்தூரி குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

கையில் ஏதோ நெருடியது. சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். கழுத்திலிருந்து இடுப்பு வரை வேர்க்குரு, இடைவெளியே இல்லாமல் சிவந்து கிடந்தது. சட்டையில்லாமல் பக்கத்தில் நின்ற அவள் பெரிய பையன் முதுகும் அப்படியே. மூலையில் விளிம்பு பிய்ந்த ஒரு பனை விசிறி கிடந்தது.

"ராவெல்லாம் விசிறினேனுங்க அக்கா. இந்த ஊரு வெக்கை எங்களுக்கு ஒத்துக்கல" என்று சிரித்தபடியே, பஞ்சவர்ணம் முந்தானை முடிச்சை அவிழ்த்து எதையோ எடுத்து நீட்டினாள்.

"இந்தாங்க. நீங்க போன அவசரத்துல சாவி பூட்டுலயே தொங்கிட்டு இருந்துச்சுங்க. பசங்க வெளையாட்டாத் தொறந்துட்டா தப்பாப் போயிருமேன்னு, வந்த அன்னிக்கே எடுத்து முடிஞ்சு வெச்சுக்கிட்டேன்."