பத்துக்கு இரண்டு

“மரப்பு ஊசி போட்டுட்டுத் தைங்க டாக்டர்.” டாக்டரிடம் எதுவும் கேட்காதே என்று சொல்லித்தான் அம்மா என்னை அவசரப் பிரிவுக்குள் விட்டாள். “இந்தக் கண்ணாடியே போதும்மா,” என்கிறார் அவர். பாயான் பாரு தொழிற்சாலை இயந்திரம் கிழித்த அம்மாவின் உள்ளங்கையில் தையல் ஏறுகிறது. அவள் கண்களை மூடிய மெய்நிகர்க் கண்ணாடிக்குள் மீன்கள் நீந்துகின்றனவாம், மரப்பு ஊசி இல்லாமலே வலி தெரியாதாம்; அதைத்தான் ஆராய்கிறார்களாம். “பத்துக்கு எவ்வளவு வலி, ஆன்ட்டி?” “ரெண்டுதான் லா டாக்டர்.” அம்மா சிரிக்கிறாள். போர்வைக்கு வெளியே அவள் கால்விரல்கள் சுருண்டு துடிக்கின்றன. தாதி ஆய்வுத்தாளில் இரண்டு என்று எழுதுகிறாள். டாக்டர் முன்னால் வலிக்கிறது என்று சொல்லாத அம்மாக்களாகப் பார்த்துத்தான் ஆய்வுக்குப் பிடிக்கிறார்களோ? “பொய் சொல்லாதம்மா.” “டிகிரி வாங்கிட்டா வாய மூடத் தெரியாதா?” அம்மாவுக்காக ஆய்வுச் சம்மதப் படிவத்தில் நான் போட்ட கையெழுத்தைக் கோடு போட்டு அடிக்கிறேன். டாக்டரின் ஊசி நிற்கிறது. தலைமை மருத்துவரைக் கூட்டிவரத் திரையை விலக்கி வெளியேறுகிறேன்.