இந்த வாரச் சங்கொலி

ஆபீஸில் இருந்த எல்லா போன்களும் ஒரே நேரத்தில் 'டிங்' என்றன.

மென்பொருள் எழுதும் அவள் மட்டும் தன் போனைத் தொடவில்லை.

கம்பெனியின் இணையச் செயலியில் ரிப்போர்ட் வசதியை அன்று காலையில்தான் ஏற்றியிருந்தாள். வேண்டிய தகவலைத் தேர்ந்தெடுத்தால் போதும். அதுவே படம் வரைந்து, சொன்ன நேரத்துக்கு, சொன்ன ஆட்களுக்கு அனுப்பிவிடும்.

சோதித்துப் பார்க்க ஏதாவது தகவல் வேண்டுமே. விற்பனை விவரத்தை வைத்துச் சோதித்தால் கொட்டாவிதான் வரும்.

அதனால் போன வாரம் செயலியின் ஒரு மூலையில் மேனேஜருக்குத் தெரியாமல் ஒரு பொத்தான் வைத்து, மற்றவர்களிடம் சொல்லிவைத்தாள். யார்மேல் கத்தல் விழுகிறதோ, அவர் அதை ஒரு தட்டு தட்ட வேண்டும்.

கத்தியவர் பெயரைப் பதிய இடமே வைக்கவில்லை. எதற்கு? அந்த மாடியில் கத்துவதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர் மேனேஜர் ஒருவர்தான். பட்டப்பெயர் சங்கு.

சோதனை முடிந்ததும் அழித்துவிட நினைத்திருந்தாள். மறந்துவிட்டாள்.

பெறுபவர் என்ற இடத்தில் 'அனைவரும்' என்றே இருந்தது.

போனைத் திறந்தாள். 'இந்த வாரச் சங்கொலி.' அவளே வைத்த தலைப்பு, சிவப்பில் பளபளத்தது. கீழே நாளுக்கு ஒன்றாகக் கம்பங்கள். எல்லாம் குட்டை. புதன்கிழமைக் கம்பம் மட்டும் தலைப்பையே இடித்துக்கொண்டு நின்றது.

பக்கத்து சீட்டுக்காரன் மேஜைக்கு அடியில் எதையோ தேடப் போய்விட்டான்.

அடுத்த மாதம் சங்கு வேறு கிளைக்குப் போகிறார். தன் நாற்காலிக்கு அவள் பெயரைத்தான் சிபாரிசு செய்திருந்தார். இனி நாற்காலி என்ன, ஸ்டூல்கூடக் கிடைக்காது.

கண்ணாடிக் கதவு படாரென்று திறந்தது. கையில் போனோடு சங்கு வந்து நின்றார். சுற்றிலும் எல்லோருக்கும் திடீரென்று வேலை வந்துவிட்டது, விசைப்பலகைகள் சடசடத்தன.

"சார், அது சும்மா டெஸ்ட்டிங்குக்கு..."

அவர் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, படத்தை இரண்டு விரலால் விரித்துப் பார்த்தார். முகம் மெல்ல மலர்ந்தது.

"படம் ஜோரா வந்திருக்கும்மா. ஆனா புதன்கிழமை நான் பல்லு பிடுங்கப் போயிட்டேன், ஆபீஸுக்கே வரல. அன்னைக்கு என் சீட்டைப் பாத்துக்கிட்டது நீதானே?"