பிரகாசி உட்காரும் இடம்

மிக்கேலின் பிக்கப் மீன்வண்டியில், உப்புத்தண்ணீர் தின்றது போக மிச்சத் தகரம் கொஞ்சம்தான். மனைவி பிரகாசி உட்காரும் பக்கம் காலடி ஓட்டையில் சாலை ஓடுவது தெரியும். குட்டை வந்தால் அவன் குரல் கொடுப்பான். அவள் காலைத் தூக்கிக்கொள்வாள். இந்தத் தடவை எஃப்.சி. கிடைக்காவிட்டால் வண்டி காயலான் கடைக்குத்தான். ஓட்டையில் தகடு வைத்து வெல்டிங் அடித்து, பெயின்ட் பூசி, புது மிதியடியும் விரித்தான். ஆர்.டி.ஓ. ஆபீஸில், ஓட்டச் சொல்லிப் பார்ப்பதற்காக இன்ஸ்பெக்டர் பிரகாசியின் இடத்தில் ஏறி உட்கார்ந்தார். பிரேக், ஹாரன் எதிலும் குறையில்லை. திரும்பும் வழியில் மழைத்தண்ணீர் தேங்கிக் கிடந்தது.

"காலத் தூக்குடி," என்றான் மிக்கேல்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. வண்டி தண்ணீரைக் கிழித்துக்கொண்டு தாண்டியது. மிதியடியில் ஒரு சொட்டு ஈரமில்லை. இரண்டு கால்களையும் அந்தரத்தில் தூக்கி வைத்திருந்த இன்ஸ்பெக்டர் கேட்டார்:

"எறக்கலாமா?"